வலது பக்கம் நின்று எடுத்த படம்

ஷான்ஜா பள்ளம்,
ஒன்பதாம் மாதம், இருபத்தொன்பதாம் தேதி.

அன்பு மகள் யுன்ஹேவுக்கு அம்மா எழுதுவது. இங்கே பன்றி சுகம், பெர்சிமன் மரம் சுகம், கூரை ஒழுகவில்லை, என் முழங்கால் எப்போதும் போலத்தான். உன் அப்பாவைத் தவிர மற்றதெல்லாம் நல்லபடியாக இருக்கிறது. நீ ஷென்ஜெனில் நன்றாக இருக்கிறாயா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அந்த முதுகு வலி போனதா என்பதையெல்லாம் எழுத்தில் சொல், போனில் வேண்டாம். போனில் நான் ஒன்றைத் தொடங்குவதற்குள் "அம்மா, உன் முகம் பளிச்சுனு இருக்கு" என்கிறாய், அடுத்த நொடியே ஆபீஸ் அழைப்பு வந்துவிட்டது என்று போய்விடுகிறாய். போன வாரமும் அப்படித்தான், நான் அப்பாவைப் பற்றி வாயெடுத்தேன், "அப்பாவுக்கு இப்பதாம்மா நிம்மதி கெடைச்சிருக்கு, அவரை விட்டுடு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். நிம்மதியாம். அன்றைக்கு முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கடிதத்தில் என்னை யாரும் பாதியில் வெட்ட முடியாது, அதனால் பேனாவை எடுத்தேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், கோபத்தில் எழுதுகிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். கெங் மாமா போய் இன்றோடு நாற்பது நாள். வருகிற பத்தாம் மாதம் எட்டாம் தேதி நாற்பத்தொன்பதாம் நாள், ஏழாவது ஏழு. அதற்குப் பிறகு போனவர் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது உனக்கே தெரியும். உன் அப்பாவும் கெங் மாமாவும் ஒரே சுரங்கத்தில் கரி வெட்டியவர்கள், இரண்டு பேரில் யார் முதலில் போனாலும் மற்றவன் குழிமேல் நின்று நம் ஊர் நாடகத்துத் தளபதி வேடப் பாட்டை முழுசாகக் கத்திப் பாட வேண்டும் என்று முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் வாக்குக் கொடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு புத்தாண்டுக்கும் குடித்துவிட்டு இதே சண்டைதான். "நீ முந்திக்கிட்டா, நீ எந்திரிச்சு ஓடற வரைக்கும் கத்துவேன்டா" என்று இவர் சொல்வார், "ஒன் தொண்டைக்கு நான் செத்த பெறகும் காதைப் பொத்திக்கணுமா" என்று அவர் சொல்வார். நீ சின்னப் பிள்ளையில் இதைக் கேட்டுச் சிரித்தவள்தான். அந்தப் பாட்டை உன் அப்பா இன்னும் பாடவில்லை. நாற்பத்தொன்பதுக்கும் போக மாட்டேன் என்கிறார். ஒன்பது நாள்தான் இருக்கிறது.

இது எங்கே தொடங்கியது என்று தெரியாத மாதிரி நடிக்காதே. புத்தாண்டுக்கு நீ வந்திருந்தபோது அப்பாவுக்குக் கடைவாய்ப் பல்லில் சீழ் பிடித்து இடது கன்னம் ஆவி ரொட்டி மாதிரி உப்பிக்கிடந்தது. பதினோரு நாள் வாயைத் திறக்க முடியவில்லை, கஞ்சியைக்கூட வைக்கோல் குழாயில் உறிஞ்சினார், வலி தாங்காமல் போய் விறகைப் போட்டுப் பிளந்துகொண்டிருந்தார். நீ வலது பக்கமாகப் போய் நின்று அதைப் படம் எடுத்தாய். நன்றாக நினைவிருக்கிறது, முதலில் இடது பக்கம்தான் நின்றாய், கன்னத்தைப் பார்த்துவிட்டு இந்தப் பக்கம் மாறினாய். பின்னால் பனி மூடிய மலை, முன்னால் பேசாத கிழவர். அதன் கீழே, "என் அப்பா பேசுவதில்லை. அவர் பிளக்கும் மரம் பேசும்" என்று எழுதி இணையத்தில் போட்டாய். அடி என் ராசாத்தி, உன் அப்பாவா பேசுவதில்லை? விடிந்ததும் முற்றத்தில் நின்று மலையைப் பார்த்துக் கத்திப் பாடி எட்டு வீட்டு நாயையும் குரைக்க வைக்கிற மனுஷன், பன்றியிடம்கூடக் கெட்ட வார்த்தை இல்லாமல் பேசத் தெரியாத மனுஷன், வாசலில் குந்தி உட்கார்ந்து முகம் மறைகிற கிண்ணத்தில் நூடுல்ஸை உறிஞ்சினால் தெருமுனை வரை சத்தம் கேட்கிற மனுஷன். நீ அந்த வீட்டில் வளர்ந்தவள். உன் விளம்பர கம்பெனியில் இதைத்தான் கற்றுக்கொடுக்கிறார்களா?

பல்லைப் பிடுங்கிக் கன்னம் வற்றுவதற்குள் அந்தப் படத்தைப் பார்த்துக் கார்கள் வர ஆரம்பித்துவிட்டன. மேலே மலைக்கோயிலில், செதுக்காத மரம் போல இரு, உன் இயல்பு எதுவோ அதில் இரு என்று காலங்காலமாகச் சொல்லி வருகிறார்கள், நாங்கள் அதைப் பெரிதாகப் பேசிக்கொண்டதும் இல்லை, குழம்பில் உப்பு மாதிரி அது பாட்டுக்கு இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டான் உன்கூடப் படித்த ஃபான் லியாங். மூன்றாம் வகுப்பில் உன் பென்சில் டப்பாவைத் திருடினானே, அவனேதான். பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தை எடுத்துச் "செதுக்காத மரம் விடுதி" என்று பலகை மாட்டிவிட்டான். வருகிறவர்கள் எல்லாம் பட்டணத்துக்காரர்கள். காரில் ஏசியைப் போட்டுக்கொண்டு வந்து, இங்கே இறங்கியதும் சணல் அங்கி மாட்டிக்கொண்டு, எளிமையைத் தேடுகிறார்கள். "அத்தை, வீட்டை மட்டும் கொஞ்சம் எளிமையா மாத்தித் தரேன், நீங்க ஒண்ணும் பண்ண வேணாம்" என்று வந்தான். நம் வாசல் சுவரில் வெள்ளை டைல்ஸ் பதித்தோமே, நீயும் பள்ளி விடுமுறையில் வந்து பெர்சிமன் காய வைத்து விற்றுச் சேர்த்து, பதினோரு வருஷம் ஆசைப்பட்டுப் பதித்த டைல்ஸ், மழையில் கழுவினாலே கண்ணாடி மாதிரி மின்னும், அதன்மேல் சேற்றைக் குழைத்து அப்பிவிட்டான். நான் சந்தைக்குப் போய்த் திரும்பி வந்தபோது பாதிச் சுவர் போய்விட்டது. வாஷிங் மெஷின்மேல் வைக்கோலைக் குவித்தான். என் பிளாஸ்டிக் வாளியை ஒளித்துவிட்டுச் சுரைக்குடுக்கை ஒன்றைத் தொங்கவிட்டான், அது தண்ணீர் மொள்ளாது, ஓட்டை. எல்லாவற்றையும்விட ஒன்று சொல்கிறேன், சாப்பிட்டுவிட்டுப் படிக்காதே. இருபது வருஷம் நம் பன்றிகள் தின்ற கல்தொட்டி இருக்கிறதல்லவா, அதைக் கழுவியும் கழுவாமலும் தூக்கிக்கொண்டு போய் விடுதிக் கூடத்தில் டீ மேசையாகப் போட்டிருக்கிறான். அந்த அம்மாக்கள் அதில் விரலால் தடவி, "காலம் செதுக்கினது" என்று கண்ணை மூடிக்கொள்கிறார்கள். காலம் இல்லையம்மா, பன்றி நக்கினது என்று சொல்ல வாய் வந்தது.

வீட்டைப் பொறுத்துக்கொண்டேன், மனுஷனைப் பொறுக்க முடியவில்லை. முதலில் உன் அப்பாவும் இதை விளையாட்டாகத்தான் செய்தார். விருந்தாளிகள் முன்னால் பேசாமல் உட்கார வேண்டும், விறகு பிளக்க வேண்டும், தானியம் தொடாத விரதம் என்று சொல்லித் தண்ணீர் மட்டும் குடிக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. அவர்கள் கண் மறைந்ததும் பன்றிக் கொட்டகைக்குள் போய்க் குனிந்துகொண்டு ஆவி ரொட்டியைப் பூண்டோடு கடித்து விழுங்குவார். நானே போய்க் கொடுத்தேன், சிரித்தேன், அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. பட்டணத்தில் தையற்காரரிடம் கொடுத்துப் புதுத் துணியில் ஒட்டுப் போட்டு அங்கி தைத்துக் கொண்டுவந்தான் ஃபான், புதுத் துணிக்கு ஒட்டு, கேட்டிருக்கிறாயா? தாடி வளர்ந்தது, தலையில் கொண்டை முடிச்சு வந்தது, குளிப்பது குறைந்தது. வேனிற்காலத்தில் பக்கத்தில் படுக்க முடியவில்லை, புளித்த முட்டைக்கோஸ் ஜாடியைத் திறந்த மாதிரி ஒரு வாடை. அவர் பிளந்த விறகைச் சிவப்புக் கயிறு கட்டி, "குருவின் செதுக்காத மரம்" என்று விற்றார்கள். அதை வீட்டு மாடத்தில் வைத்துக் கும்பிடுகிறார்களாம். மேல் கோயில் மூ சாமியாரம்மா ஒரு நாள் உப்பு வாங்க இறங்கி வந்தவர், ஒருத்தி அந்த விறகைக் குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு போவதைப் பார்த்து, "ஏம்மா, அதைக் கொண்டுபோய் அடுப்புல போடு, குளிராவது போகும்" என்றார். அவள் கையெடுத்துக் கும்பிட்டு அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். சாமியாரம்மா என்னிடம் திரும்பி, "முப்பது வருஷமா மேல நான் முட்டைக்கோசுக்கு எரு போடறேன், ஒரு நாதியும் வந்து பாக்கல. ஒன் புருஷனுக்கு வந்தது மௌனம் இல்ல சுன்யே, மலச்சிக்கல். உள்ள இருக்கறது வெளிய வராம அடைச்சுக்கிட்டு இருக்கு" என்றார். நான் வயிறு குலுங்கச் சிரித்தேன். ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது உன் அப்பா சிரிக்கவில்லை. விருந்தாளி யாரும் இல்லாத நேரம், கதவு சாத்தியிருந்தது, என்னிடம் அவர் மெல்லிய குரலில், "ஒனக்கு ஆசை ஜாஸ்தி சுன்யே, அதான் புரியல" என்றார். மெல்லிய குரலில்! அடியே என்று கத்தியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். அதற்குப் பிறகு கொட்டகையில் ரொட்டி தின்பதையும் நிறுத்திவிட்டார். காலையில் பாடுவதையும் நிறுத்திவிட்டார். நடிப்பு எங்கே முடிந்தது, மனுஷன் எங்கே தொலைந்தான் என்று எனக்கே தெரியவில்லை.

அந்தக் கோடையில்தான் கெங் மாமாவுக்குச் சுரங்கத்துத் தூசி நுரையீரலை முழுசாகப் பிடித்தது. இரண்டு வீடு தள்ளித்தான் படுத்திருந்தார், செங்கல் கட்டிலில் சாய்ந்தபடி, ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லி. நான் கஞ்சி கொண்டு போனபோது மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார், "சுன்யே, நெசத்தைச் சொல்லு, ஷிகென் எனக்கு முன்னாடி போயிட்டானா? காலைல சத்தமே காணோம்." இருக்கிறார் அண்ணே, விடுதியில் வேலையாக இருக்கிறார் என்றேன். "உசுரோட இருந்தா கத்துவானே" என்றார். கெங் அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் வந்து இதை உன் அப்பாவிடம் சொன்னேன், ஒரு தடவை போய் ஜன்னலுக்குக் கீழே நின்று கத்திவிட்டு வாய்யா என்று கெஞ்சினேன். அவர் ஃபானைப் பார்த்தார். ஃபான், "மாமா, இது வார்த்தை விரதம், நாலாம் நாள், பதினெட்டுப் பேர் வந்திருக்காங்க, முடிஞ்சதும் போலாம்" என்றான். முடிந்தது. அடுத்தது தொடங்கியது. அதற்குள் கெங் மாமா எட்டாம் மாதம் இருபதாம் தேதி போய்விட்டார், ஜன்னல் திறந்தபடி.

அடக்கத்துக்குப் போனார் உன் அப்பா, போகாமல் இல்லை. எப்படிப் போனார் தெரியுமா, அந்த ஒட்டுப்போட்ட அங்கியோடு, பின்னால் வரிசையாகப் பதினெட்டுச் சணல் அங்கிகள். பெட்டி இறங்கியது, மண் போட்டார்கள், ஊர் முழுக்க உன் அப்பா வாயையே பார்த்தது. கெங் அத்தை தலையை விரித்துப் போட்டுக்கொண்டு மண்ணில் உட்கார்ந்தபடி, "பாடுடா ஷிகென், அவன் காத்துக்கிட்டு இருக்கான்டா" என்று ஓலமிட்டாள். இவர் கண்ணை மூடிக் கையைக் கூப்பி நின்றார். மண் பொம்மை மாதிரி நின்றார். பின்னாலிருந்து ஃபான் அந்த ஆட்களிடம், "பாருங்க, குரு மௌனத்தாலயே பாடறார்" என்று கிசுகிசுத்தான், அவர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், ஒருத்தி விம்மினாள். தூ என்று துப்பினேன், யுன்ஹே, சவக்குழி என்றும் பார்க்காமல் துப்பினேன். அது யார் காலில் விழுந்தது என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை. கட்டிய புருஷனைப் பார்த்து முப்பத்தாறு வருஷத்தில் எனக்குக் கோபம் வந்திருக்கிறது, அழுகை வந்திருக்கிறது, அருவருப்பு வந்தது அன்றைக்குத்தான். அன்றிலிருந்து என் படுக்கையைத் தானிய அறைக்கு மாற்றிக்கொண்டேன். இது உனக்குத் தெரியாது, ஏனென்றால் நீ கேட்கவில்லை.

ஐந்தாவது ஏழுக்கு, அதாவது முப்பத்தைந்தாம் நாளுக்குப் படைக்க நான்தான் நூடுல்ஸ் செய்தேன், கெங் அத்தைக்குக் கையில் தெம்பில்லை. அன்றைக்கு நம் முற்றத்தில் உன் அப்பா பாயில் உட்கார்ந்திருந்தார், தானியம் தொடாத விரதம் நாலாம் நாள், எதிரே பதினோரு பேர். ஃபான் வந்து, "அத்தை, சமையல் வாசனை வேணாம், பின்பக்கம் போய்ப் பண்ணுங்க" என்றான். எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. என் முற்றம், என் அடுப்பு, என் டைல்ஸ்மேல் என்னைக் கேட்காமல் அப்பின சேறு. மாவைப் பிசைந்து இடுப்புவார் அகலத்துக்கு இழுத்துப் பலகையில் ஓங்கி அடித்தேன், ஒவ்வொரு அடியும் அவன் முதுகில் விழுவதாக நினைத்துக்கொண்டு அடித்தேன். கெங் மாமாவுக்கு ஒரு கிண்ணம் எடுத்து மூடி வைத்துவிட்டு, எனக்கு ஒரு கிண்ணம் போட்டு, மேலே மிளகாய்ப்பொடி, பூண்டு, அதன்மேல் புகை வரும்வரை காய்ந்த எண்ணெயை ஊற்றினேன். அந்தச் சத்தம் உனக்குத் தெரியுமே. அப்படியே கொண்டுபோய் வாசலில், உன் அப்பா எப்போதும் குந்துகிற அதே இடத்தில், ஆம்பிளை மாதிரி குந்தி உட்கார்ந்து, அந்தப் பதினோரு பேர் பார்க்க உறிஞ்சிச் சாப்பிட்டேன். வேண்டுமென்றே சத்தமாக. விருந்தாளிகள் முகத்தைச் சுளித்தார்கள். இரண்டாவது வாயோ மூன்றாவது வாயோ, திரும்பிப் பார்க்கிறேன், உன் அப்பாவின் தொண்டைக்குழி ஏறி இறங்குகிறது. தாடி நடுங்குகிறது. திடீரென்று எட்டு வீடு கேட்க ஒரு கத்து, "வினிகர் ஊத்தலியாடி, எருமை மாடே!"

எத்தனையோ மாதம் கழித்து என் புருஷன் தன் சொந்தக் குரலில் பேசிய முதல் பேச்சு அது, கடைசியில் மனுஷன் வந்துவிட்டான் என்று கிண்ணத்தோடு எழுந்து ஓடினேன். ஒரு கண்ணாடிக்காரர் பவ்யமாக முன்னால் குனிந்து, "குருவே, வினிகர்னா அதோட உட்பொருள் என்ன?" என்று கேட்டார். உன் அப்பா சொன்ன பதிலை நான் எழுத மாட்டேன், உன் தாத்தா ஆவி இந்த வீட்டில்தான் இருக்கிறது. மூன்று கிண்ணம் சாப்பிட்டார், பாதி தாடியில் ஒழுகியது. மூன்றாவது கிண்ணம் முடிகிறபோதுதான் மூடி வைத்திருந்ததைப் பார்த்தார். இது யாருக்கு என்றார். யாருக்கு என்று உனக்குத் தெரியாதா என்றேன். கிண்ணத்தைக் கீழே வைத்தார், முகம் உடைந்து கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது, மூடின கிண்ணத்தை எடுத்துக்கொண்டு செருப்பில்லாமல் மலையேறினார். நான் பின்னால் ஓடினேன். கெங் அத்தை அங்கே போனவருக்கான காகிதப் பணத்தை எரித்துக்கொண்டிருந்தாள். கிண்ணத்தைக் குழிமேல் வைத்துவிட்டு வாயைத் திறந்தார், குரல் வரவில்லை, துருப்பிடித்த கீல் மாதிரி ஒரு கிறீச்சல்தான் வந்தது. இருமினார், துப்பினார், மறுபடியும் பிடித்தார். இரண்டாவது தடவை வந்தது, யுன்ஹே. பள்ளத்தாக்கு முழுக்க எதிரொலித்தது. முதல் வரி, இரண்டாவது வரி, கெங் அத்தை நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள், எனக்கு அந்தக் குப்பைத் தாடியையும் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. மூன்றாவது வரிக்கு அவர் மூச்சு இழுத்தபோது புதருக்குப் பின்னால் ஏதோ மினுங்கியது. பார்த்தால் பதினோரு போன். ஃபான் நடுவில் நின்று, "அப்படியே நில்லுங்க மாமா, வெளிச்சம் அருமையா இருக்கு" என்று கையைக் காட்டினான். உன் அப்பா வாயைத் திறந்தபடியே நின்றார். பிறகு மூடினார்.

மறுநாளே அந்தப் படம் இணையத்தில் வந்துவிட்டது, "குருவின் அழுகை" என்று பெயர் போட்டு. தலைவிரிகோலமாகக் கெங் அத்தையும் அதில் இருக்கிறாள். அவளிடம் போய் மன்னிப்புக் கேட்டோம், அவள் எங்களைத் திட்டவில்லை, "எம் புருஷன் குழி இப்ப எத்தனை பேர் கையில இருக்கும்?" என்று மட்டும் கேட்டாள். உன் அப்பா வீட்டுக்கு வந்து ஆட்டுக்கத்தரியால் தாடியை வெட்டினார், அங்கியைப் பன்றிக்குப் படுக்கையாகப் போட்டார், வாசலில் வந்து நின்ற ஃபானை மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு துரத்தினார். இதையெல்லாம் பார்த்து எனக்கு எவ்வளவு சந்தோஷம் வந்திருக்க வேண்டும்! ஆனால் பிறகு போய்ச் செங்கல் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். நாலு நாளாக அப்படியே. நான் படுக்கையைத் திரும்ப அங்கே கொண்டுவந்துவிட்டேன், முதுகைத்தான் பார்க்கிறேன். முன்பு இருந்தது வேஷம், இது நிஜம், அதனால்தான் பயமாக இருக்கிறது. ஒரே ஒரு தடவை பேசினார், "நாப்பத்தொம்பதுக்கு நான் போகமாட்டேன் சுன்யே. நான் போனா அவன் தலைமேல மறுபடியும் கூட்டம் நிக்கும். அவன் உசுரோட கேட்டப்ப நான் பாடல. பாடினப்ப அதையும் வித்துட்டாங்க." விடுதியில் இன்னும் இருபது பேர் காத்திருக்கிறார்கள், எட்டாம் தேதிக்கு ஃபான் மலைப்பாதையில் பெஞ்சு போட்டுவிட்டான். சவக்குழிக்குப் பெஞ்சு. கருமம்.

இனி உன்னிடம் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன், இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். நேற்று மூ சாமியாரம்மா சர்க்கரை மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பும்போது வந்து தன் போனைக் காட்டினார். காட்டலாமா வேண்டாமா என்று ரொம்ப நேரம் கையிலேயே வைத்திருந்தார். அந்தப் படத்துக்குக் கீழே இதயம் போட்டவர்கள் வரிசை. முதல் ஆள் லெய் யுன்ஹே, ஷென்ஜென். ஒரு சிவப்பு இதயம், அதன் பக்கத்தில், "என் அப்பா. பெருமையாக இருக்கிறது." உன் அப்பா வாய் திறந்தபடி நிற்பதைப் பார்த்தாயா? காலில் செருப்பில்லை, அதைப் பார்த்தாயா? கெங் மாமா உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு இந்த மலையேறியவர், அவர் குழி அது என்று உனக்குத் தெரியவில்லையா? அன்றைக்கு நீ போன் செய்யவில்லை, அழவில்லை, அம்மா என்ன ஆச்சு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. விரலால் ஒரு இதயத்தைத் தட்டிவிட்டுப் போய்விட்டாய். ஃபான் பயல் பென்சில் டப்பா திருடியவன், அவனிடம் நான் எதையும் எதிர்பார்க்கவில்லை. உன்னைப் பார்த்துத்தான் அருவருப்பு வந்தது. பெற்ற பிள்ளையைப் பார்த்து ஒரு தாய்க்கு அப்படி வரக்கூடாது, வந்துவிட்டது, மறைத்து வைத்துக்கொண்டு உனக்கு நல்ல வார்த்தை எழுத எனக்குத் தெரியாது. இதைச் சொல்லிவிட்டதால் இப்போது கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

கூரியரில் போடுகிறேன், மூன்று நாளில் கிடைத்துவிடும். ரயிலேறு. லீவு கிடைக்காது என்று சொல்லாதே, கிடைக்காவிட்டால் கிடைக்காமல் வா. பஸ் நிறுத்தத்துக் கடையில் போனைக் கொடுத்து வைத்துவிட்டு மேலே ஏறு. அந்தப் பெர்சிமன் மரத்தடியில் பாதை திரும்புகிறதே, அங்கே கூட்டத்தை மறித்து நீ நில். கீழே பன்றிப் பாதையை நான் பார்த்துக்கொள்கிறேன், மேலே கோயில் வழியைச் சாமியாரம்மா பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார், எருக்கூடையோடு நிற்பாராம், யாராவது போனைத் தூக்கினால் தலையில் கவிழ்ப்பாராம். அவர் செய்யக்கூடியவர். அப்பா பாடட்டும். கேட்பதற்குக் கெங் அத்தை இருக்கிறாள், கீழே படுத்திருக்கிறவர் இருக்கிறார், அது போதும். மரத்து உச்சியில் பறவைக்கு விடுகிற பழம் போக மீதியை உனக்காக வைத்திருக்கிறேன், வந்தால் தின்னலாம். குளிர் தொடங்கிவிட்டது, அந்தப் பச்சைக் கம்பளிச் சட்டையை எடுத்துக்கொள், முதுகுக்குச் சூடு வேண்டும். எவ்வளவு திட்டினாலும் நீ நான் பெற்றவள், நோய் நொடி இல்லாமல் இரு, நல்ல தூக்கம் தூங்கு, கண்ணை அந்தக் கண்ணாடிச் சில்லிலிருந்து எடுத்து அவ்வப்போது மனுஷர்களைப் பார், மூதாதையர் உன்னைக் காப்பார்கள்.

மறந்துவிட்டேன், ஒன்று. இதை எழுதிக்கொண்டிருக்கும்போது யாருக்கு என்று கேட்டார், நாலு நாளில் அவராகத் திரும்பியது இப்போதுதான். யுன்ஹேவுக்கு, வரச் சொல்கிறேன் என்றேன். கூரையைப் பார்த்து மல்லாந்து படுத்தார். பிறகு, "வரச் சொல்லு. இந்தத் தடவ எடது பக்கம் வந்து நிக்கச் சொல்லு" என்றார்.

வழிபார்த்திருக்கும் உன் அம்மா,
ஹாவ் சுன்யே.